எட்டுப் பலகையில் ஒரு சைலபோன்: முதிரையும் பிவிசி பைப்பும் வைத்துச் செய்யும் முறை

ஒரு ஸ்தாயி. எட்டுப் பலகை, அவற்றின் கீழே ஒலியைப் பெருக்கும் எட்டுப் பரிவுக்குழாய், ஒரு சட்டகம், இரண்டு கோல். பள்ளிக்கூட இசையறைக்குப் போதும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் போதும். வாள் பிடிக்கவும் சீவுளி தள்ளவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பலர் பாதியில் விட்டுவிடுவது மரவேலையில் அல்ல, சுருதி சேர்ப்பதில். அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளும்.

மரம்

மேடைகளில் வாசிக்கும் மரிம்பாக்களின் (சைலபோனுக்கு உறவான மரப்பலகை வாத்தியம்) பலகை பெரும்பாலும் ஹொண்டுராஸ் ரோஸ்வூட் அல்லது ஆபிரிக்கப் பதாவுக். ரோஸ்வூட் இனம் முழுவதையும் 2017 முதல் சைட்ஸ் (அழியும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரம் பற்றிய) உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு அதைத் தேடவே வேண்டாம். இங்கே முதிரையும் சவண்டலையும் இருக்கின்றன. பழைய ஆங்கில மர வியாபாரத்தில் சவண்டலைக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நேரான நாரும் வளைந்து மீளும் குணமும் இருப்பதால் படகுக்கும் வண்டிக்கும் பீப்பாய்க்கும் போன மரம் அது. நமக்கும் அந்தக் குணம்தான் தேவை.

புதிய பலகையைவிடப் பழைய வீடு இடிக்கும்போது கழற்றும் கதவு நிலை, யன்னல் சட்டம் நல்லது. பல வருடம் காய்ந்த மரம் இனி முறுக்காது. மரக்காலையில் வாங்கினால் ரசீதைக் கையில் வைத்திருங்கள். தேக்கு சுமாராக ஒலிக்கும். மலைவேம்பு, பைன் பெட்டிப் பலகை இரண்டும் பழக மட்டும்.

தேர்வு செய்ய ஒரே சோதனைதான். துண்டின் முனையிலிருந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உள்ளே இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, நடுவில் விரல் மூட்டால் தட்டுங்கள். ‘டொங்’ என்று இழுத்தால் எடுங்கள், ‘டக்’ என்று செத்தால் வைத்துவிடுங்கள். முடிச்சு, வெடிப்பு, பழைய ஆணித்துளை எதுவும் இருக்கக்கூடாது. நார் பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

அளவு: 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிப்பு. எட்டுப் பலகைக்கும் கெட்டுப்போனால் மாற்ற இரண்டுக்கும் சேர்த்து 10 அடி. முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே சட்டத்திலிருந்து வெட்டுங்கள். கலந்து வெட்டினால் ஒவ்வொரு பலகையின் குரலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

வெட்டும் அளவுகள்

ஸ்வரம் (அடைப்புக்குள் மேற்கத்தியப் பெயர்), அதிர்வெண், பலகை நீளம், முனையிலிருந்து கணுவின் தூரம்:

ஸ (சி5): 523 ஹேர்ட்ஸ், 320 மி.மீ., 72
ரி (டி5): 587, 302, 68
க (ஈ5): 659, 285, 64
ம (எஃப்5): 698, 277, 62
ப (ஜி5): 784, 261, 58.5
த (ஏ5): 880, 247, 55
நி (பி5): 988, 233, 52
மேல் ஸ (சி6): 1047, 226, 50.5

நீளம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. அதனால்தான் ஒரு ஸ்தாயி ஏறியும் பலகை பாதியாகவில்லை. கணு என்பது பலகை அதிரும்போது அசையாமல் நிற்கும் கோடு. சீரான சட்டத்தில் அது நீளத்தின் 22.4 வீதத்தில், இரு பக்கமும் இருக்கும். வேறெங்கு தாங்கினாலும் ஒலி அமுங்கும்.

இந்த நீளத்தில் வெட்டிய பலகை முதலில் தேவையைவிட நன்றாக உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். முதிரை என்றால் ஐந்தாறு அரைஸ்வரம் மேலே இருக்கலாம், சில சமயம் ஏழு எட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும். கீழே இறக்குவது குடைந்துதான். உங்கள் பலகை வெட்டிய உடனேயே இலக்கைத் தொட்டுவிட்டால் அந்த மரம் இந்த அளவுக்குப் பொருந்தாது. நீளத்தை 10 மி.மீ. குறைத்துத் திரும்பப் பாருங்கள்.

கணுவைக் கண்ணால் பார்ப்பது

அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். பலகையை இரண்டு ஸ்பொன்ஜ் துண்டின் மேல் வைத்து, மேலே பொடி உப்பைத் தூவி நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பு துள்ளித் துள்ளி இரண்டு கோடாகக் கூடும். நிலாவெளி உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் கல்லுப்பு சரிவராது. கடற்காற்றில் ஈரம் பிடித்த உப்பும் அசையாது. மாரியில் உப்பை விட்டுவிட்டு உலர்ந்த தேயிலைத்தூள் போடுங்கள், நன்றாக ஓடும்.

குடைதல்

பலகையின் அடிப்பக்கத்தில், இரண்டு கணுவுக்கும் இடையில், மேல்நோக்கி வளைந்த வில் மாதிரி மரத்தை எடுக்க வேண்டும். கணுவும் அதற்கு வெளியே உள்ள முனையும் முழுத் தடிப்பில் நிற்கட்டும்.

முதலில் 10 மி.மீ. இடைவெளியில் குறுக்கே வாள்வெட்டுப் போடுங்கள். நடுவில் 6 மி.மீ. ஆழம், ஓரம் போகப்போக 2. பிறகு உளியால் தட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் சமன் செய்யுங்கள். கிரைண்டரில் சாண்டிங் டிஸ்க் போட்டு ஒரே மூச்சில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது ஒரு நொடியில் அரைஸ்வரத்தைத் தின்றுவிடும், மரத்தையும் சூடாக்கும். அந்தச் சூடு ஏன் கெடுதல் என்பது கீழே வருகிறது. நல்ல அரைவட்ட அரம் ஒன்று போதும். இந்த வேலையில் காசு செலவழிக்க ஒரே கருவி இதுதான்.

சுருதி சேர்த்தல்

மூன்று விதி:

நடுவில் அடியிலிருந்து மரம் எடுத்தால் சுருதி இறங்கும். அந்த இடத்தில்தான் பலகை அதிகம் வளைகிறது, அங்கே மெலிந்தால் விறைப்பு குறையும்.

முனையில் அடியிலிருந்து எடுத்தால் சுருதி ஏறும். அங்கே வளைவு இல்லை, பாரம் மட்டும் குறைகிறது. ஆனால் இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். இருபது முப்பது சென்ட் (ஓர் அரைஸ்வரத்தில் நூறு சென்ட்) தவறியதைத் திருத்தலாம், ஒரு முழு ஸ்வரத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

முனைக்கும் நடுவுக்கும் இடையில், முனையிலிருந்து 30 வீதத்தில் (320 மி.மீ. பலகையில் 96 மி.மீ.) எடுத்தால் முதல் மேற்சுரம் (பலகை அடிச்சுரத்தோடு சேர்த்து எழுப்பும் அடுத்த உயர்ந்த சுரம்) அதிகமாக இறங்கும், அடிச்சுரம் (பலகையின் தாழ்ந்த, முக்கிய சுரம்) குறைவாக இறங்கும்.

மூன்றாவது விதியில்தான் சைலபோனும் மரிம்பாவும் பிரிகின்றன. குடையாத சட்டத்தின் முதல் மேற்சுரம் அடிச்சுரத்தின் 2.76 மடங்கு. எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாத எண், அதனால்தான் வெறும் கட்டை ‘கட்டை’ மாதிரியே ஒலிக்கிறது. சைலபோனில் இதை 3 மடங்குக்கு, அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குக் கொண்டுவருவார்கள். மரிம்பாவில் 4 மடங்குக்கு, இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அதே ஸ்வரத்துக்கு. ஒரு முனை மூடிய குழாய் 1, 3, 5 என்று ஒற்றை மடங்குகளைத்தான் தாங்கும். ஆகவே சைலபோனின் 3-ஐக் குழாயும் சேர்ந்து ஒலிக்கும், மரிம்பாவின் 4-ஐ ஒலிக்காது. ஒன்றின் குரல் பளிச்சென்றும் மற்றதன் குரல் உருண்டையாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த உயரத்தில் 4 மடங்குக்குப் போனால் நடு மிக மெலிந்துவிடும். தொடங்குகிறவர் 3-ஐப் பிடிப்பதே புத்தி.

இரண்டு சுரத்தையும் தனித்தனியாகக் கேட்பது இப்படி. பலகையைக் கணுவில் தாங்கி, மிருதுவான கோலால் சரியாக நடுவில் அடியுங்கள். முதல் மேற்சுரத்தின் கணு ஒன்று நடுவிலேயே இருப்பதால் அது எழும்பாது. அடிச்சுரம் தெளிவாக வரும். பிறகு நடுவை விரலால் அழுத்திக்கொண்டு முனைப்பக்கம் தட்டுங்கள். அடிச்சுரம் செத்து, மேற்சுரம் மட்டும் ‘டிங்’ என்று கேட்கும்.

போனில் கிட்டார் ட்யூனர் வைத்து அளக்கப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். அந்தச் செயலிகள் நீண்டு நிற்கும் தந்தி ஒலிக்கு எழுதப்பட்டவை. அரை வினாடியில் அடங்கும் மரத்துக்கு முள் அலைபாயும், சில நேரம் மேற்சுரத்தைப் பிடித்துத் தவறான ஸ்வரம் காட்டும். ஒலியில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் செயலி வேண்டும். அன்ட்ரொய்டில் ஸ்பெக்ட்ராய்ட் போதும்: இரண்டு உச்சிகளையும் ஹேர்ட்ஸிலேயே காட்டிவிடும். ஸ பலகைக்கு 523, 1570 என்ற இரண்டு எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வரிசை:

1. நடுவில் அராவி, அடிச்சுரத்தை இலக்குக்கு ஓர் அரைஸ்வரம் மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஸ பலகைக்கு 554.

2. மேற்சுரத்தைப் பாருங்கள். அடிச்சுரத்தின் 3 மடங்குக்கு மேல் என்றால் இரண்டு பக்கமும் 30 வீத இடத்தில் சமமாக அராவுங்கள். 3-க்குக் குறைவு என்றால் நடுவில் மட்டும் தொடருங்கள், விகிதம் தானாக ஏறும். 2.9-இல் நின்றாலும் பெரிய குற்றமில்லை.

3. 30 சென்ட் மேலே வந்ததும் அரத்தை வைத்துவிட்டு 120 நம்பர் சாண்ட் பேப்பர். 10 சென்ட் மேலே நிறுத்துங்கள்.

4. கணுவில் துளை போட்டு, எண்ணெய் பூசி, ஒரு வாரம் காற்றில் விடுங்கள். கடைசி 10 சென்டை அதற்குப் பிறகுதான் இறக்க வேண்டும்.

நாலாவதைப் பொறுமையில்லாமல் தாண்டுகிறவர்களின் பலகைகள்தான் மறுநாள் பேதலிக்கின்றன. அராவும்போது மரம் சூடாகும். சூடான மரம் விறைப்பு குறைந்து, சுருதி தாழ்ந்து ஒலிக்கும். அதை நம்பி நிறுத்தினால், ஆறியதும் சுருதி மேலே ஏறி நிற்கும். முனையில் அராவி ஏற்றும்போது இன்னும் மோசம்: சரியென்று எண்ணி நிறுத்தினால், ஆறியதும் சுருதி இலக்கைத் தாண்டிப் போயிருக்கும். ஒவ்வொரு நாலைந்து இழுப்புக்கும் பலகையை வைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போங்கள். எட்டையும் சுற்றி வருவதற்குள் முதலாவது ஆறியிருக்கும்.

ஈரம் இன்னொன்று. வாடைக்காற்று மாரியில் மரம் ஈரம் குடித்துப் பாரமாகும், சுருதி இறங்கும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து ஏறும். எல்லாப் பலகையும் ஒரே மரமாக இருந்தால் சேர்ந்தே ஏறி இறங்கும், தமக்குள் ஒத்துப்போகும். ஒரே சட்டத்தில் வெட்டச் சொன்னது இதற்கும்தான். தடிப்பான வார்னிஷ் ஈரத்தைத் தடுக்கும், ஒலியையும் அமுக்கும். மெல்லிய எண்ணெய்ப்பூச்சு ஒன்றே போதும்.

தாய்லாந்தின் ரனாத் வாத்தியத்தில் பலகையின் அடியில் மெழுகும் ஈயத்தூளும் கலந்த உருண்டையை ஒட்டிச் சுருதி இறக்குவார்கள். வலையில் கட்டும் ஈயம் இங்கே எங்கும் கிடைக்கிறது என்பதற்காக அதை உரைத்துப் பார்க்காதீர்கள். ஈயத்தூள் நஞ்சு, பிள்ளைகள் தொடும் வாத்தியத்தில் வேண்டவே வேண்டாம்.

துளையும் கயிறும்

பலகையின் அகலவாக்கில், கணுக்கோட்டில், 5 மி.மீ. துளை. கயிறு 2 மி.மீ. பின்னிய நைலோன், மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால் தருவார்கள். சட்டகம் ஒரு பக்கம் ஒடுங்கிப் போவதால் துளையை 4 பாகை சாய்த்துப் போட வேண்டும் என்று சொல்வதுண்டு. துளை 5, கயிறு 2 என்றால் நேராகப் போட்டாலும் கயிறு தொடாமல் போய்விடும்.

பலகைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 50 மி.மீ. இரண்டு கயிற்றுக்கும் இடைத்தூரம் ஸ பக்கம் 177, மேல் ஸ பக்கம் 125. கயிறு சரியான நேர்கோட்டில் வராது. ‘க’ அருகே இரண்டு மி.மீ. உள்ளே வளையும். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஓர் ஆணி அடித்து அதில் கயிற்றைத் தூக்குங்கள், ஆணிக்கு ரப்பர் உறை போடுங்கள். பலகை ஆணியைத் தொட்டால் கிர்ரென்று இரையும்.

குழாய்கள்

வெளிவிட்டம் 40 மி.மீ. பிவிசி பைப், உள்விட்டம் 36 வாக்கில். நீளம் ஒலியின் அலைநீளத்தில் கால், அதிலிருந்து ஆரையில் 0.6 பங்கு கழிக்க வேண்டும். நம்முடைய 30 பாகை வெப்பத்துக்கு ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீற்றர். அதன்படி: ஸ 156, ரி 138, க 122, ம 114, ப 100, த 88, நி 77, மேல் ஸ 72 மி.மீ.

இந்த அளவில் நேரே வெட்டிவிடாதீர்கள். பலகை வாய்க்கு மேலே மூடி நிற்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குட்டையாகத்தான் தேவைப்படும். 20 மி.மீ. கூடுதலாக வெட்டி, அடியில் எண்ட் கேப் மாட்டி, பலகையை வாய்க்கு 10 மி.மீ. மேலே பிடித்துத் தட்டிக்கொண்டே கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு மட்டத்தில் ஒலி பொங்கி எழும், தாண்டினால் விழும். ஜலதரங்கம் சேர்க்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. அந்த மட்டத்தை வெளியே குறித்து, அங்கே அறுத்து, கேப்பைத் திரும்ப மாட்டுங்கள். கேப் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஒரு ஊசித்துளை இருந்தாலும் குழாய் ஊமை.

கோல்

350 மி.மீ. நீளத்தில் 8 மி.மீ. பிரம்பு, முனையில் துள்ளும் ரப்பர் பந்து, 25 முதல் 30 மி.மீ. கடினமாகக் கேட்டால் மேலே கம்பளி நூல் சுற்றுங்கள். பலகையின் நடுவிலோ, நடுவிலிருந்து சற்று விலகியோ அடிக்க வேண்டும். கயிற்றுக்கு மேலே அடித்தால் சத்தமே வராது.

ஸ ரி க ப த மட்டும் எடுத்தால் மோகனம், ஸ ரி க ப நி என்றால் ஹம்சத்வனி, ஸ ரி ம ப த என்றால் சுத்த சாவேரி. மூன்றும் இந்த எட்டுப் பலகைக்குள் அடங்கும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) வராது. நீண்ட ஸ்வரத்துக்கு இரண்டு கோலாலும் மாறி மாறி வேகமாக உருட்டுவதுதான் வழி. கமகத்தில் வாழும் ராகங்களை இதில் வாசிக்க முயல்வது வீண்.

பிறகு சேர்த்தது

மத்தியானத்தில் மட்டும் சில குழாய் மங்கி ஒலிக்கிறது என்றால் பழுது எதுவுமில்லை. வெப்பம் ஏறும்போது குழாயின் சுருதி ஏறும், பலகையின் சுருதி இறங்கும்; இரண்டும் விலகுகின்றன. தண்ணீர்ச் சோதனையை வாத்தியம் வாசிக்கப்படும் அறையிலேயே, வாசிக்கப்படும் நேரத்தில் செய்யுங்கள்.

ஒரு பலகை மட்டும் செத்த ஒலி தந்தால் பலகையை மாற்றுமுன் கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். அதிகம் இழுத்துக் கட்டிய கயிறுதான் பெரும்பாலும் குற்றவாளி. அதன் பின்னும் சரியாகவில்லை என்றால் துளையிலிருந்து முனை வரை முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். ஒட்டிப் பயனில்லை. கூடுதலாக வெட்டி வைத்த இரண்டில் ஒன்றை எடுங்கள். நடு ஸ்வரம் ஏதாவது என்றால் 320 மி.மீ. துண்டை அந்த நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.