உல்லுக்கோ கிழங்கை கண்ணாடிக் குழாயில் பெருக்குவது எப்படி

உல்லுக்கோ ஆண்டிஸ் மலைப்பகுதியில் விளையும் ஓர் உணவுக் கிழங்கு. பெரு, பொலிவியா மலைவயல்களில் அதைக் கிழங்கு வைத்துத்தான் நடுகிறார்கள், அதனால் ஒரு செடியில் புகுந்த வைரஸ் வருஷா வருஷம் கிழங்கோடு கூடவே வந்துகொண்டிருக்கும். இதைத் துரத்தத்தான் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத குழாயில் சத்துக்கூழில் வளர்ப்பது.

முளைத்த தண்டை, துண்டுக்கு ஒரு கணு இருக்கும்படி வெட்டி, இலையைக் கிள்ளிவிட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம், அப்புறம் நீர்த்த ப்ளீச்சில் 10 நிமிடம், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று தடவை. தண்டு சதைப்பற்றானது, ப்ளீச்சில் அதிக நேரம் கிடந்தால் வெளுத்து, தொட்டாலே குழையும்.

ஊடகத்துக்கு, அதாவது அந்தச் சத்துக்கூழுக்கு, எம்எஸ் உப்பு (முராஷிகே-ஸ்கூக் என்ற செடிச்சத்து உப்புக் கலவை), லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 7 கிராம் அகர் (கடற்பாசியிலிருந்து வரும், கூழை உறையவைக்கும் பொருள்) சேர்த்து, பிஎச் 5.7-க்குக் கொண்டுவந்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் 20 நிமிடம் வேகவையுங்கள். கணு மேல்நோக்கி இருக்கட்டும், தலைகீழாகச் செருகிவிடாதீர்கள். 20 டிகிரிக்குப் பக்கத்தில், 16 மணி நேர வெளிச்சம் போதும்.

ஒன்று முக்கியம்: கணுவை வெட்டி வெட்டிப் பெருக்கினால் செடி பெருகும், வைரஸும் சேர்ந்தே பெருகும். அதைப் போக்க, செடியைச் சில வாரம் வெப்பத்தில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுனிக்குருத்தை மட்டும் எடுத்து வளர்க்க வேண்டும். அதையும் சோதித்துப் பார்க்காமல் வைரஸ் இல்லாத செடி என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வேர் விட்டதும் அகரைச் சுத்தமாகக் கழுவி, ஈரமண்ணில் நட்டு, பிளாஸ்டிக் மூடி போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.