குறும்பை ஆட்டு மயிரில் கம்பளி செய்ய

வேலூர் பக்கம் கம்பளி வேலை தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் ஆட்டைத் தடவிப் பாருங்கள். கே.வி.குப்பம் திங்கட்கிழமைச் சந்தைக்கு வரும் செம்மறிகளில் முக்கால்வாசி கறிக்கானவை. சென்னை சிவப்பு, மேச்சேரி எல்லாம் குட்டை முடி, கத்தரித்தாலும் நூலாகாது. நூலுக்கு வேண்டியது குறும்பை இனம். எங்கள் கொல்லையில் இருப்பது கருங்குறும்பை, கால்நடைத் துறையினர் திருச்சி கறுப்பு என்பார்கள். முதுகு மயிரைப் பிரித்துப் பாருங்கள். விரலின் ஒரு கணு நீளமாவது சுருண்டு வந்தால் வாங்கலாம்.

இது முரட்டு மயிர். ஸ்வெட்டர் பின்ன ஆசைப்படாதீர்கள், கழுத்தில் அரிக்கும். உட்காரும் விரிப்பு, போர்த்தும் கம்பளி, வாசல் மிதியடி இதற்கெல்லாம் மெரினோ என்கிற மென்மயிர்ச் செம்மறியின் மயிரைவிட இது எவ்வளவோ மேல். பத்து வருஷம் மிதித்தாலும் தேயாது.

கம்பளியின் தரம் பாதிக்கு மேல் அது ஆட்டு முதுகில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மயிரில் ஏறிய ஒட்டுப்புல்லையும் நாயுருவியையும் பிறகு எடுக்க உட்கார்ந்தால் ஒரு ஆட்டுக்கு ஒரு பகல் போய்விடும். அதனால் கத்தரிப்புக்கு முந்திய மாதம் கரம்பில் மேய்ப்பதைக் குறைத்து, அறுத்த கொல்லையில் விடுகிறேன். கடலைக்கொடியைத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடக் கூடாது. தூசியும் சருகும் கழுத்து மயிரில் இறங்கி உட்காரும். நெஞ்சு உயரத்தில் தொட்டி வையுங்கள். அடையாளத்துக்குப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், எந்தச் சோப்புக்கும் போகாது. காவி பூசினால் அலசும்போது போய்விடும்.

நோயும் மயிரில் தெரியும். நறுக்கிய ஒரு கற்றையை உங்கள் காது பக்கத்தில் வைத்து, இரு முனையையும் பிடித்துச் சுண்டி இழுங்கள். நடுவில் படக்கென்று அறுந்தால் அந்த ஆடு சில மாதம் முன்பு காய்ச்சலில் கிடந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் நீலநாக்கு நோய் இதில் பொல்லாதது. பிழைத்த ஆடுகூட மயிரை உதிர்த்துவிடும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு கத்தரிப்பு. மாசியில் ஒன்று, கத்திரி வெயிலுக்குள் கொஞ்சம் வளர்ந்து தோலை மூடிக்கொள்ளும். ஆவணியில் இன்னொன்று, மார்கழிப் பனிக்குத் தயாராகிவிடும். முந்தின நாளே கிணற்றடியில் குளிப்பாட்டி, சிமெண்டுத் தரையிலோ வைக்கோல் மேலோ காயவிட வேண்டும். மண்ணில் விட்டால் குளிப்பாட்டியதே வீண். சினை முற்றிய ஆட்டைப் புரட்டிப் போடாதீர்கள். ஈனட்டும், அப்புறம் பார்க்கலாம். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தரியைத் தோலோடு ஒட்டப் படுக்கவைத்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். மேலே வெட்டிவிட்டு மறுபடி அடியில் வெட்டினால் விழுகிற துண்டு மயிர் நூலில் நிற்காது. தோல் கீறினால் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவுங்கள். ஒரு ஆட்டில் ஒரு தடவைக்குக் கால் கிலோ கிடைத்தாலே எனக்குத் திருப்தி. முதுகு, விலா மயிர் ஒரு மூட்டை. வயிறு, கால் மயிர் வேறு. குட்டியின் முதல் மயிரைத் தனியாகவே வையுங்கள், அதுதான் மென்மை.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்கூடங்களிலிருந்து வரும் மயிர் மலிவு என்று சொல்வார்கள். சுண்ணாம்பு போட்டுத் தோலிலிருந்து வழித்த மயிர் அது. நொறுங்கும், சாயம் சீராகப் பிடிக்காது. மிதியடிக்கு உள்ளே அடைக்க வைத்துக்கொள்ளலாம், நூற்க வாங்காதீர்கள்.

அலசுவதற்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். எங்கள் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு திரிந்து மயிரில் பிசுக்காக ஒட்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைத்தால் போதும். கசக்காதீர்கள். சூட்டோடு கசக்கினால் மயிர் ஒன்றோடொன்று பின்னி முடிச்சாகிவிடும்.

காய்ந்ததைக் கையால் பிய்த்து, வில் நாணில் அடித்துப் பஞ்சாக்கி, விரல் பருமனில் உருட்டிக்கொண்டு தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் கதிரில், நூற்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். "இழுக்காதம்மா, விட்டுக்குடு, அதுவா வரும்" என்பார். கை தளர்ந்தால்தான் நூல் ஓடும். ஆரம்பத்தில் தடிமனாகவே நூலுங்கள், விரிப்புக்கு அது நல்லது. முறுக்கு மட்டும் போதுமான அளவு ஏறட்டும், இல்லாவிட்டால் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலாக, கட்டும்போது பிரியும்.

வெயிலில் மேய்ந்த கறுப்பு மயிரின் நுனி செம்பட்டையாகிவிடும். ஜவ்வாது மலைக் கடுக்காய் கிடைத்தால் அதைச் சரிசெய்யலாம். 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த்தூளைத் தண்ணீரில் போட்டு, நூலையும் முக்கி, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் சூடாக்கி, ஆறியதும் நூலை எடுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பு 3 கிராமை வேறு தண்ணீரில் கரைத்து நூலை முக்கினால் கண் முன்னே கறுக்கும். அன்னபேதி கூடினால் நூல் வறண்டு ஒடியும், அளவைத் தாண்டாதீர்கள். பிறகு நன்றாக அலசுங்கள்.

குழித்தறி இல்லாதவர்கள் நான்கு கட்டையை ஆணி அடித்துச் சட்டமாக்கி, இரண்டடி விரிப்பு நெய்யலாம். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவது நம் கம்பளிக்காரர்கள் வழக்கம். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, நூல் மேல் தடவி விறைப்பாகக் காயவிட வேண்டும். மயிர் சிலும்பாமல் பாவு வழுக்கிக்கொண்டு போகும்.

நெய்த விரிப்பைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைக்காதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி வாசத்துக்கு எலியும் வரும். பழைய வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் உதறிப் போடுங்கள்.