அமெரிக்கக் கல்லூரிக்குப் போகுமுன் தடுப்பூசிக் கணக்கு

ஆகஸ்டில் வகுப்பு என்றால் ஊசி வேலையை மே மாதமே தொடங்குங்கள். பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த தடுப்பூசி) 2 டோஸ் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 28 நாள் வேண்டும். அவசரத்தில் 20-ஆம் நாளே போட்டுக்கொண்டால் அந்த டோஸ் கணக்கில் வராது, திரும்பவும் போட வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: அரசு முகாம்களில் போடுவது எம்ஆர், அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. பழைய அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அட்டையே தொலைந்துவிட்டதா? உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை முடிவைப் பல இடங்களில் ஏற்பார்கள்.

சின்னம்மை ஊசியும் தேவையென்றால் எம்எம்ஆர் போடும் அன்றே போடலாம். தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்கும் இதே விதிதான். ஹாஸ்டலில் தங்குபவர்களிடம் மூளைக்காய்ச்சல் ஊசியும் (மென்-ஏசிடபிள்யூஒய்) பல இடங்களில் கேட்பார்கள். விலை கொஞ்சம் கடிக்கும்.

சான்றிதழில் மாதத்தை எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. டாக்டர் கையெழுத்து, பதிவு எண், முத்திரை மூன்றும் இருக்கட்டும்.