சோவியத் பதக்கத்தைப் படிப்பது எப்படி

சோவியத் பதக்கம் ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலோர் முதலில் அரிவாள் சுத்தியலைத் தேடுவார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மிகப் பலவற்றில் அது இருக்கும். தேட வேண்டியது ஆண்டு. அந்த வடிவம் எப்போது பிறந்தது என்று தெரிந்துவிட்டால், அரசு அந்த நேரத்தில் யாரிடம் என்ன சொல்லப் பார்த்தது என்பது தானாக வெளியே வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், மேசை விளக்கு, இவ்வளவு போதும். விளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். தேய்ந்த எழுத்துகள் நிழல் விழுந்தால்தான் தெரியும். புளி, பற்பசை, பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பித்தளையைத் துலக்கினால் மேடான இடங்கள் முதலில் போகும். மேடான இடம் என்றால் மூக்கு, மீசை, எழுத்தின் விளிம்பு; நாம் படிக்க வேண்டியதே அதுதான். சிவப்பு எனாமல் ஒரு வகைக் கண்ணாடி. நட்சத்திர முனைகளில் சில்லுச் சில்லாகப் பெயரும்.

எழுத்தில் தொடங்குங்கள்

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. 'சி.சி.சி.பி.' என்று பலர் படிப்பது ரஷ்ய மொழியின் சிரில்லிக் எழுத்து. சி போலத் தெரிவது 'எஸ்', பி போலத் தெரிவது 'ஆர்'. ஆக அது எஸ்.எஸ்.எஸ்.ஆர்., சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யச் சுருக்கம்.

பல பதக்கங்களின் வாசகம் 3 என்ற எண்ணைப் போன்ற எழுத்தில் தொடங்கும். அது 'ஸா', 'இதற்காக' என்று பொருள். அடுத்த சொல்லில்தான் அரசியல் இருக்கிறது. 1945 ஜூன் 9 அன்று ஐரோப்பிய நகரங்களின் பெயரில் ஏழு பதக்கங்கள் நிறுவப்பட்டன. எல்லாம் 32 மி.மீ. பித்தளை. புடாபெஸ்ட், கோனிக்ஸ்பெர்க், வியன்னா, பெர்லின் நான்கிலும் 'வ்ஸ்யாத்தியே', அதாவது கைப்பற்றியதற்காக. பெல்கிரேட், வார்சா, பிராக் மூன்றிலும் 'அஸ்வபஷ்தேனியே', விடுவித்ததற்காக. ரஷ்யன் தெரியாதவர்களும் பிரித்துவிடலாம்: கைப்பற்றியது ஆங்கிலப் பெரிய பி போன்ற எழுத்தில் தொடங்கும் ஆறெழுத்துச் சொல், விடுவித்தது ஓ-வில் தொடங்கும் பன்னிரண்டு எழுத்துச் சொல். ஓ-வைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். நகரப் பாதுகாப்புப் பதக்கங்களில் வரும் 'அபரோனு' (பாதுகாத்ததற்காக) என்பதற்கும் ஓ-தான் முதலெழுத்து, ஆனால் ஏழே எழுத்து. துணிவுக்கான பதக்கத்தின் 'அத்வாகு' ஆறெழுத்து. அதன் மேற்பகுதியில் மூன்று விமானங்களும் கீழே ஒரு டாங்கியும் இருக்கும், அளவும் 37 மி.மீ.

இனி அந்த ஏழு நகரங்களை வரலாற்றோடு ஒட்டிப் பாருங்கள். ஹிட்லரின் முதல் பலி ஆஸ்திரியாதான், அதை விடுவிப்போம் என்று 1943 மாஸ்கோ பிரகடனத்தில் சோவியத்தும் கையெழுத்திட்டிருந்தது. பதக்கத்திலோ வியன்னா 'கைப்பற்றப்பட்ட' நகரம். வார்சா பதக்கத்தின் பின்புறம் 1945 ஜனவரி 17 என்ற தேதி இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1944 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அந்த நகரத்தார் தாங்களே கிளர்ந்தெழுந்து ஜெர்மானியரிடம் நசுங்கினார்கள். சோவியத் படையான செஞ்சேனை விஸ்துலா ஆற்றின் மறுகரைவரை வந்திருந்தது. இதைப் பற்றி உலோகத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

பிறகு ஆண்டு

பதக்கத்துக்கு மேலான விருதை 'ஆர்டர்' என்பார்கள். 1918 செப்டம்பரில் நிறுவிய செங்கொடி ஆர்டரில் விரித்த கொடி, அதில் 'உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்' என்ற முழக்கம். பின்னால் தீவட்டி, துப்பாக்கிமுனைக் கத்தி, சுத்தியல், கலப்பை. தாய்நாடு என்ற பேச்சே இல்லை, வர்க்கம்தான். 1930 ஏப்ரல் 6-இல் வந்த செந்நட்சத்திர ஆர்டரிலும், நடுவில் நிற்கும் படைவீரனைச் சுற்றி லென்ஸில் பார்த்தால் அதே முழக்கம். அதே நாளில் வந்த லெனின் ஆர்டரின் முதல் வடிவத்தில் டிராக்டரும் ஆலைப் புகைபோக்கிகளும் இருந்தன. ஐந்தாண்டுத் திட்டக் காலம் அல்லவா!

1942-க்கு வாருங்கள். மே 20 அன்று வந்த ஆர்டரின் வெள்ளை எனாமல் பட்டையில் 'தாய்நாட்டுப் போர்' என்ற இரண்டே சொற்கள். நெப்போலியனை விரட்டிய 1812 போருக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் அது. முழக்கம் இல்லை. ஜூலை 28 அன்று 'ஓரடியும் பின்வாங்காதே' என்ற 227-ஆம் உத்தரவில் ஸ்டாலின் கையெழுத்திட்டார்; மறுநாளே சுவோரவ், குத்தூசவ், அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பெயர்களில் மூன்று ஆர்டர்கள். முதல் இருவரும் ஜாரின் தளபதிகள், மூன்றாமவர் திருச்சபை புனிதராக்கிய இளவரசர். விவசாயிகள் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய புகச்சோவைக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனவர் சுவோரவ். 1918-இல் அவர் முகத்தைப் போல்ஷ்விக் ஒருவர் நெஞ்சில் குத்திக்கொள்வதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு குழி உண்டு. வடிவத்தின் ஆண்டும் அந்தப் பதக்கம் வழங்கப்பட்ட ஆண்டும் வேறு வேறு. செந்நட்சத்திரம் போர்க்காலத்தில் லட்சக்கணக்கில் தரப்பட்டது. ஆகவே 1944-இல் ஒரே சட்டையில் 'உலகத் தொழிலாளர்களே'வும் 'தாய்நாட்டுப் போர்' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதை முரண் என்று எழுதிவிடாதீர்கள். பழைய அச்சு ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

முகமும் பார்வையும்

நெவ்ஸ்கி 13-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் உயிரோடிருந்தபோது வரைந்த உருவப்படம் கிடையாது. அவர் பெயர் ஆர்டரை வடிவமைத்த தெல்யாத்னிகவ், 1938-இல் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் படத்தில் நெவ்ஸ்கியாக நடித்த நிக்கலாய் செர்காசவின் முகத்தையே எடுத்துக்கொண்டார். புனிதர் என்று நாம் பார்ப்பது திரை நடிகரை.

ஸ்டாலினுக்கு வேறு கணக்கு. 1945 மே 9 அன்று வந்த ஜெர்மனி வெற்றிப் பதக்கத்தை எடுங்கள்: மார்ஷல் சீருடையில் பக்கவாட்டு முகம், இடது பார்த்து. செப்டம்பர் 30 அன்று வந்த ஜப்பான் வெற்றிப் பதக்கத்தில் அதே மனிதர் வலது பார்க்கிறார். வரைபடத்தில் இடது மேற்கு, வலது கிழக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு வெறும் தலை.

ரிப்பன்

மூன்று கறுப்பு, இரண்டு ஆரஞ்சுப் பட்டை, ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு: 1943 நவம்பர் 8-இல் வந்த புகழ் ஆர்டரின் ரிப்பன் இது. ஜார் காலத்துப் புனித ஜார்ஜ் சிலுவையின் நிறங்கள். அதுபோலவே இதுவும் சாதாரணச் சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும்தான்; விமானப்படையில் மட்டும் ஜூனியர் லெப்டினன்ட்களுக்கும் உண்டு. சோவியத் காலத்தில் புனிதர் பெயரைத் தவிர்த்து 'காவலர் படை ரிப்பன்' என்றே சொன்னார்கள். நிறம் திரும்பி வந்தது, பெயர் வரவில்லை.

ரிப்பனை மட்டும் நம்பி எதையும் அடையாளம் காணாதீர்கள், கழற்றி மாட்டுவது எளிது. 1938 துணிவுப் பதக்கம் முதலில், பதக்கத்தைத் தொங்கவிடும் சிறிய செவ்வகத் தகட்டில் சிவப்பு ரிப்பனோடு வந்தது. ஐங்கோணத் தகடும் நீலக் கோடிட்ட சாம்பல் ரிப்பனும் 1943-இல் வந்த மாற்றம். பழைய பதக்கங்கள் பலவற்றுக்கும் புதுத் தகடு மாட்டப்பட்டது.

அழிக்கப்பட்டதைப் பார்க்க

இரண்டு ஆண்டுவிழாப் பதக்கங்களை ஒப்பிட்டால் போதும். சோவியத் படைகளின் 30-ஆம் ஆண்டுக்காக 1948-இல் வந்ததில் லெனினும் ஸ்டாலினும் சேர்ந்திருக்கிறார்கள். 40-ஆம் ஆண்டுப் பதக்கத்தில் லெனின் மட்டும். இடையில் 1956-இல், ஸ்டாலினைக் கண்டித்து சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஆற்றிய உரை. 1965-இல் வெற்றியின் இருபதாம் ஆண்டுப் பதக்கம் வந்தபோது முகப்பில் பெர்லின் திரெப்தோவ் பூங்காவில் நிற்கும் படைவீரன் சிலை. வெற்றிக்குச் சொந்தக்காரராக இனி பெயரில்லாத ஒருவர்.

ஒப்பிடும் வேலையை அருங்காட்சியகங்களின் நல்ல புகைப்படங்களை வைத்தே செய்யலாம். ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றம். மாஸ்கோ சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.