பூஸ்ட் பட்டனைத் தொடும் முன்: குமரி மாவட்டச் சிறு வியாபாரிகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரம் போடும் முறை

ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் போட்ட மறுநிமிடமே 'பூஸ்ட்' (காசு கட்டி அந்தப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது) என்று ஒரு நீலப் பட்டன் வந்து நிற்கும். அழுத்தினால் 500 ரூபாய் போகும், லைக் நூறோ இருநூறோ வரும், ஆர்டர் வராது. "ஃபேஸ்புக்ல விளம்பரம் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடைக்காரர் அலுத்துக்கொண்டால் பெரும்பாலும் நடந்தது இதுதான். எங்கே, யாருக்கு, எதற்கு என்பதை நாம் சொல்லாமல் விட்டால், அந்த மூன்றையும் ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவி தன் வசதிப்படி நிரப்பிக்கொள்ளும். காசு மட்டும் நம்முடையது.

இதுவரை ஒரு விளம்பரமும் போடாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குத் திங்கள்சந்தை பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் போட்டு விற்கிற ஓர் அக்காவை வைத்துக்கொள்வோம். தக்கலை, குளச்சல், நாகர்கோவில் வரை டெலிவரி உண்டு. விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய்க்கு மேல் கட்டாது.

படி 1: காசில்லாமல் முடிகிற வேலைகள்

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். இலவசம்தான். கடைப் பெயர், நேரம், கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை. விலையைப் போடாமல் "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் விலையைத் தெரிந்துகொண்டு போகத்தான் வருகிறார்கள், உங்கள் நேரம்தான் வீண்.

அப்புறம் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கம். அதுவும் இலவசம். கடையை உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, போர்டு, உள்ளே நீங்கள் வேலை செய்வது எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து விற்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, டெலிவரி செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். வீட்டில் தனியாக இருக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

படி 2: கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்

"எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று ஏஜென்சிக்காரர்கள் வருவார்கள். நல்லவர்களும் உண்டு. ஆனால் பக்கமும் விளம்பரக் கணக்கும் அவர்கள் பெயரில் தொடங்கப்பட்டால், நீங்கள் விலகும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பக்கத்தை நீங்களே தொடங்குங்கள், ஆட்ஸ் மேனேஜரில் (ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரங்களைப் போட்டு நிர்வகிக்கும் தளம்) விளம்பரக் கணக்கையும் நீங்களே திறங்கள், பிறகு அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஏஜென்சி வேண்டவே வேண்டாம்.

கணக்கைத் திறக்கும்போது நாணயம் இந்திய ரூபாய், நேரம் இந்திய நேரம் என்று பார்த்துப் போடுங்கள். நாணயத்தைப் பிறகு மாற்ற நினைத்தால் புதுக் கணக்குதான் திறக்க வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பணம் கட்டுவதில்தான் பலருக்கு முதல் தலைவலி. கார்டைக் கொடுத்தால் ஒரு நாள் எடுக்கும், மறுநாள் எடுக்காது. 2021 அக்டோபர் 1 முதல் தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு இந்தச் சிக்கல் பலருக்கும் பழகிப்போன ஒன்று. முன்பணம் போடும் முறையைத் தேர்ந்தெடுத்து யுபிஐயில் 500, 1000 என்று ஏற்றிக்கொண்டால் தொல்லை இல்லை. போட்ட பணத்துக்கு மேல் போகாது என்பதால் இரவில் தூக்கமும் வரும். 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள்: விளம்பரத்துக்கு 500 ரூபாய் என்றால் உங்களுக்கு ஆவது 590.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. செயலிக்குள் இருந்தே பூஸ்ட் செய்தால் ஆப்பிள் 30 சதவீதம் சேவைக்கட்டணம் சேர்க்கிற ஏற்பாடு 2024-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பிரவுசரில் ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து போட்டால் அந்தப் பேச்சே எழாது.

படி 3: என்ன வேண்டும் என்று சொல்வது

ஆட்ஸ் மேனேஜர் ஆறு நோக்கங்களைக் காட்டும்: விழிப்புணர்வு, டிராஃபிக் (வெப்சைட்டுக்கு ஆள் வரவைப்பது), ஈடுபாடு (லைக், கமெண்ட், மெசேஜ்), லீட்ஸ் (ஆர்வமுள்ளவர்களின் விவரம் வாங்குவது), ஆப் விளம்பரம், விற்பனை. நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் கருவி கொண்டுவரும். லைக் கேட்டால், கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடுகிற ஆட்களாகத் தேடிப் பிடித்துத் தரும். அவர்கள் முந்திரிக்கொத்து வாங்க மாட்டார்கள்.

நம் அக்காவுக்கு வெப்சைட் கிடையாது. 'ஈடுபாடு' எடுத்து, அதற்குள் மெசேஜ் என்பதைத் தேர்ந்து, வாட்ஸ்அப்பை இணைத்துவிட வேண்டியதுதான். விளம்பரத்தைத் தொட்டவர் நேரே அவருடைய வாட்ஸ்அப்புக்கு வந்து நிற்பார். விற்பனை என்ற நோக்கத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆன்லைன் கடையும் யார் வாங்கினார்கள் என்று ஃபேஸ்புக்குக்குச் சொல்ல அதில் பதித்த கண்காணிப்புக் குறியீடும் இருப்பவர்களுக்குத்தான் அது முழுப்பலன் தரும்.

படி 4: இடம்

நம் மாவட்டத்துக்காரர்கள் காசை அதிகம் விடுவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

நாகர்கோவில் என்று தட்டினால் ஊரைச் சுற்றிப் பெரியதொரு வட்டம் தானாக வரும், பெரும்பாலும் 40 கிலோமீட்டர். மேப்பை உற்றுப் பாருங்கள். தெற்கிலும் மேற்கிலும் பெரும் பங்கு கடல். கடலில் ஆளில்லை, அதனால் காசு போகாது. ஆனால் வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூர், பணகுடி வரை வட்டம் போய்விடும். அது திருநெல்வேலி மாவட்டம். வடமேற்கே களியக்காவிளையை ஒட்டிக் கேரளத்தையும் தொடும். வள்ளியூரிலிருந்து ஒருவர் கால் கிலோ சிப்ஸ் கேட்டால் அக்கா என்ன செய்வார்?

அதனால் ஊர்ப் பெயரைத் தட்டுவதை விட்டுவிட்டு மேப்பில் 'பின்' (இடக்குறி) குத்துங்கள். திங்கள்சந்தையில் ஒன்று, தக்கலையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 8 கிலோமீட்டர் போதும். எல்லைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் பாறசாலையில் ஒரு பின் குத்தி 'விலக்கு' என்று கொடுத்துவிடலாம்.

எல்லை தாண்டி விற்கவே விருப்பம் என்றால் அது வேறு கணக்கு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வெளிமாநிலம். வரிக்குட்பட்ட பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்க, விற்றுவரவு எவ்வளவு சிறியதானாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். இறங்கினால் மலையாளத்தில் தனி விளம்பரம் போடுங்கள். ஒரே படத்தில் இரண்டு மொழியையும் திணித்தால் இரண்டு பேருமே படிக்க மாட்டார்கள்.

இன்னொரு நுணுக்கம். மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனம்) ஓர் இடத்தைக் கொடுத்தால், அங்கே குடியிருப்பவர்களோடு அண்மையில் வந்துபோனவர்களையும் சேர்த்துத்தான் எடுக்கும். முன்பு இதைப் பிரிக்க வழி இருந்தது, 2023-இல் எடுத்துவிட்டார்கள். கன்னியாகுமரி டவுனில் பின் குத்தினால் சூரிய உதயம் பார்க்க வந்த ஊரான் ஊர்க்காரர்கள் எல்லாம் உங்கள் கணக்கில் சேருவார்கள். காந்தி மண்டபம் பக்கம் சங்கு, சிப்பிப் பொருள் விற்பவருக்கு அது யோகம். கொட்டாரத்தில் டியூஷன் நடத்துபவருக்கு நஷ்டம்; அவர் கடற்கரைப் பகுதியைத் தவிர்த்துவிட்டுப் பின் குத்துவது நல்லது.

வயது, மொழி, விருப்பம் போன்ற பெட்டிகளை அதிகம் நோண்ட வேண்டாம். மொழிப் பெட்டியைக் காலியாக விடுங்கள். தமிழ் பேசுகிற எத்தனையோ பேர் போனில் ஃபேஸ்புக்கை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ் என்று கொடுத்தால் அவர்கள் விடுபட வாய்ப்புண்டு.

படி 5: படமும் வார்த்தையும்

'தரமான, சுவையான, வீட்டு முறையில்' என்ற மூன்று சொற்களையும் மறந்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அக்கா எழுத வேண்டியது இப்படி: "முந்திரிக்கொத்து. சிறுபயறு வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் பிடித்தது. அரைக் கிலோ இவ்வளவு ரூபாய். செவ்வாய், வெள்ளி டெலிவரி. தக்கலை, திங்கள்சந்தை, நாகர்கோவில்." வாங்குபவருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

படத்தைவிடச் சின்ன வீடியோ நல்லது. தேங்காய் எண்ணெயில் ஏத்தங்காய் சிப்ஸ் விழும்போது வரும் சலசலப்பு, வாணலியிலிருந்து கரண்டியில் அள்ளி வடியவிடும் அந்த நொடி, 15 செகண்ட் போதும். பின்னணியில் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். உரிமைப் பிரச்சினையில் ஒலியை முடக்கிவிடுவார்கள். எண்ணெய்ச் சத்தமே நல்ல பாட்டு.

சில எடிட்டிங் செயலிகளில் தமிழ் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று 'கொத்து' சிதறிக் கிடக்கும். உங்கள் போனில் சரியாகத் தெரிந்தாலும் ஏற்றுமதி செய்த வீடியோவை ஒருமுறை வேறொரு போனில் பாருங்கள். அப்புறம், படத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுத்து இருந்தால் விளம்பரம் ஓடாது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை; 2020-லேயே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எழுத்து குறைவாக இருப்பதே பார்க்க நன்றாக இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் 'அட்வான்டேஜ் பிளஸ்' என்ற பெயரில் சில மேம்பாடுகள் முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும்: தானாக இசை சேர்ப்பது, படத்தை விரிப்பது, எழுத்தை மாற்றி எழுதுவது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அணையுங்கள். தின்பண்டப் படத்தின் நிறத்தைக் கருவி கூட்டிக் குறைத்தால், வீட்டுக்கு வந்த பொருள் வேறு மாதிரி இருக்கிறது என்று உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

படி 6: நிராகரித்துவிட்டார்களா?

விளம்பரத்தைச் சரிபார்ப்பதைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். நிராகரிப்பு வந்தால் பதறி அதையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள்; கணக்கே முடங்கலாம். காரணம் பெரும்பாலும் வார்த்தையில் இருக்கும். "உங்களுக்குச் சர்க்கரை நோயா?" என்று பார்ப்பவரின் உடல்நிலையைக் குத்திக் கேட்கக் கூடாது. 'முன்பு, பின்பு' உடல் படங்கள் கூடாது. மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்: தேன் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எழுதுவது மெட்டா விதிக்கு மட்டுமல்ல, 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்துக்கும் எதிரானது. தேன் என்று சொன்னாலே விற்கும், எதற்கு வம்பு?

வார்த்தையில் தவறே இல்லை என்றால் 'மறுபரிசீலனை' கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் பார்ப்பது பெரும்பாலும் எந்திரம்தான்; எரிச்சல் வரும், வேறு வழியில்லை.

படி 7: ஏழு நாள் கையைக் கட்டிக்கொள்வது

தினம் 150 ரூபாய் என்று போட்டால் ஒரு நாள் கூடவும் எடுக்கும், குறைத்தும் எடுக்கும். வாரக் கணக்கில் ஏழு நாள் தொகையைத் தாண்டாது. முதல் நாள் இரவே திறந்து பார்த்துவிட்டு ஊரை மாற்றுவது, படத்தை மாற்றுவது, பட்ஜெட்டை இரட்டிப்பாக்குவது எல்லாம் வேண்டாம். பெரிய மாற்றம் செய்தால் கருவி மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். கற்றல் முடிய வாரத்துக்குச் சுமார் 50 பலன் (நம் அக்காவுக்கு மெசேஜ்) வேண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. சின்ன பட்ஜெட்டில் அது எட்டாமல் 'கற்றல் குறைவு' என்று ஒரு குறிப்பு வரலாம். பயப்படத் தேவையில்லை, விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வாரக் கடைசியில் பார்க்க வேண்டியது லைக் எண்ணிக்கை அல்ல. ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மெசேஜ், எத்தனை ஆர்டர். 1050 ரூபாய் செலவில் 40 மெசேஜும் 7 ஆர்டரும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். வரியில்லாமல் ஓர் ஆர்டருக்கு 150 ரூபாய். அரைக் கிலோ முந்திரிக்கொத்தில் மிஞ்சுவது 60 ரூபாய்தான் என்றால் கட்டுப்படியாகாது. கிலோ கணக்கில் வாங்குகிற கல்யாண வீட்டுக்காரர்களைக் குறிவைத்து விளம்பரத்தை மாற்ற வேண்டும்.

மெசேஜ் வந்தும் ஆர்டர் குறைவு என்றால், எவ்வளவு நேரத்தில் பதில் சொன்னீர்கள் என்று பாருங்கள். "எக்கா, கொட்டாரத்துக்கு உண்டா?" என்று இரவு 9 மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால், அவர் வேறு இடத்தில் வாங்கித் தின்று முடித்திருப்பார். பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் விளம்பரத்தை நிறுத்தி வைத்தாலும் தவறில்லை.

நடுவில் வரும் பயமுறுத்தல்

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் "உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்கில் உறுதிப்படுத்தவும்" என்று மெட்டா சின்னத்தோடு மெசேஜ் வரும். மோசடி. உண்மையான அறிவிப்பு உங்கள் கணக்குக்குள் இருக்கும் பிசினஸ் சப்போர்ட் பக்கத்தில்தான் இருக்கும். லிங்கைத் தொடாமல் நேரே அங்கே போய்ப் பாருங்கள். ஓடிபியையோ பாஸ்வேர்டையோ கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

லாட்ஜ்காரர்களுக்குத் தனியாக

தங்க இடம் தேடுகிறவர் ஃபேஸ்புக்கில் காத்திருக்க மாட்டார், கூகுளில் தேடுவார். ஆகவே லாட்ஜ், டாக்ஸி, டிராவல்ஸ் நடத்துபவர்கள் கூகுள் விளம்பரத்தில் தொடங்குங்கள். அங்கே இட அமைப்பில் ஒரு பொறி உண்டு. 'இந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது இதில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். கன்னியாகுமரி என்று போட்டால் டெல்லியில் உட்கார்ந்து கன்னியாகுமரியைத் தேடுபவருக்கும் விளம்பரம் போகும். லாட்ஜுக்கு அதுதான் வேண்டும், தொடாமல் விடுங்கள். கோட்டாறில் தையல் கடை வைத்திருப்பவர் அதை 'இருப்பவர்கள்' என்று மாற்றாவிட்டால் டெல்லிக்காரர் கிளிக்குக்குக் காசு கட்டுவார்.

தேடலில் எந்தச் சொல் இருந்தால் உங்கள் விளம்பரம் வரக்கூடாதோ, அந்தத் தவிர்க்க வேண்டிய சொற்களையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்: வேலை, படம், வானிலை, ரயில் நேரம். அறை தேடாதவர்கள் அதிலேயே கழிந்துவிடுவார்கள். சபரிமலை சீசனுக்குப் போடுவதானால் நவம்பர் நடுவில் மண்டல காலம் தொடங்கியபின் யோசிக்காமல், அக்டோபரிலேயே சின்னத் தொகையில் ஓடவிட்டு, எந்தத் தேடல் சொல்லில் புக்கிங் வருகிறது என்று பார்த்துவையுங்கள். கூட்டம் வரும்போது எல்லா லாட்ஜும் ஒரே சொல்லுக்கு ஏலம் கேட்கும், கிளிக் விலையும் ஏறும்.