அவதாரின் உடை நிரலைப் பிரித்துத் தைப்பது எப்படி

செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகத்தை லிண்டன் லேப் 2003இல் திறந்தது. வியூவர் என்று அழைக்கப்படும் அதன் கிளையண்ட்டின் மூலநிரலை 2007 ஜனவரியில் பொதுவில் வெளியிட்டது. பயனரின் உருவமான அவதாரின் உடைகளைக் கையாளும் பகுதி அந்த சி பிளஸ் பிளஸ் நிரலில் பல காலத்து ஒட்டுகளைச் சுமந்து நிற்கிறது. உடலின் பகுதிகளை மறைக்கும் ஆல்பா, தோலின் மேல் படியும் டாட்டூ என்னும் உடை வகைகள் 2010இல் வந்தன. உடைகளை உடலின் மேல் ஒன்றாகப் படியவைக்கும் பேக்கிங் வேலை 2013இல் சர்வருக்குப் போனது. 2019இல், பயனர்கள் தனியாக வாங்கி அணியும் முப்பரிமாண மெஷ் உடல்களுக்கும் அதே பேக்கிங் கிடைத்ததோடு யுனிவர்சல் என்னும் புதிய உடை வகையும் சேர்ந்தது. இத்தனைக்கும் நடுவில், தொடக்க ஆண்டுகளில் ஒருவர் செய்து விற்ற சட்டையை இன்றும் ஒருவர் தன் உடைமைகளின் தொகுப்பான இன்வென்டரியிலிருந்து எடுத்து அணியலாம் என்பதால், இங்கே மறுசீரமைப்பு, அதாவது வெளிநடத்தை மாறாமல் நிரலின் கட்டமைப்பைத் திருத்தும் வேலை, செய்பவர் எதை மாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கும் முன், எதைத் தொடவே கூடாது என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக் கூடாதவை

வியூவருக்கு வெளியே எங்கெல்லாம் ஒரு மதிப்பு சேமிக்கப்படுகிறதோ அங்கெல்லாம் அது பிறருடன் செய்த ஒப்பந்தமாகிவிடுகிறது. சட்டை, கால்சட்டை போன்றவற்றின் தரவைச் சர்வரில் வைத்திருக்கும் அசெட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். முதல் வரியில் எல்எல் வேரபிள் என்ற பெயரும் 22 என்ற பதிப்பு எண்ணும் இருக்கும். தொடர்ந்து உடையின் பெயர், விவரம், அனுமதிகள், விற்பனைத் தகவல், வகை எண் ஆகியவையும், பிறகு கையின் நீளம் போன்ற அளவுருக்களின் அடையாள எண்களும் மதிப்புகளும், கடைசியில் டெக்ஸ்சர்கள் எனப்படும் மேற்பரப்புப் படங்களின் யூயூஐடிகளும், அதாவது தனித்த அடையாளக் குறிகளும், வரும். பதின்மங்கள் சுருக்கி எழுதப்படுவதால் 0.5 என்பது முன்பூச்சியம் இல்லாமல் .5 என்றே பதிவாகும். எண்களைப் படிக்கும் பகுதியை நவீனமாக்குகிறேன் என்று வேறொரு நூலகச் செயற்கூற்றை வைப்பவர், அது முன்பூச்சியம் இல்லாத எண்ணை ஏற்கிறதா என்பதையும், பதின்மப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் மொழி அமைப்புள்ள கணினியிலும் அதே விடையைத் தருகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகை எண்களும் அப்படித்தான். உடல்வடிவம் 0, தோல் 1, முடி 2, கண் 3, சட்டை 4, கால்சட்டை 5 என்று தொடங்கி ஆல்பா 13, டாட்டூ 14, உடலசைவு 15, யுனிவர்சல் 16 என முடியும் அந்தப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாருடைய அலமாரியும் குலைந்துவிடும். புதிய வகை எப்போதும் கடைசியில்தான் சேர வேண்டும், பழைய வகை வழக்கொழிந்தாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தரக் கூடாது.

இந்த எண் இன்னோர் எதிர்பாராத இடத்திலும் ஒளிந்திருக்கிறது. அவதார் இப்போது அணிந்திருப்பவை அனைத்தும் தற்போதைய உடைத்தொகுப்பு என்னும் கோப்புறையில் லிங்க்குகளாக இருக்கின்றன. ஒரே வகையில் பல உடைகள் இருந்தால் எது உள்ளே, எது மேலே என்னும் வரிசை அந்த லிங்க்கின் விவரப் புலத்தில் எழுதப்படுகிறது: ஓர் @ குறி, அதையடுத்து வகை எண்ணை நூறால் பெருக்கி வரிசை எண்ணைக் கூட்டிய தொகை. முதல் சட்டை @400, அதன்மேல் போட்டது @401. விவரப் புலத்தில் இப்படி ஒன்றைச் செருகியது யாருக்கும் பெருமை தரும் வடிவமைப்பு அன்று. ஆனாலும் அது கோடிக்கணக்கில் சேமிக்கப்படக்கூடிய தரவு, ஆகவே அப்படியே விட்டுவிடுங்கள். முன்பு வகைக்கு 5 உடைகள் என்றிருந்த வரம்பு பின்னர் மொத்தம் 60 என்று மாறியது. 60 என்பது நூறுக்குள் அடங்குவதால்தான் இந்தக் கணக்கு இன்னும் பிழைத்திருக்கிறது. வரம்பை நூறுக்கு மேல் உயர்த்தினால் நூற்றியோராவது சட்டைக்கும் முதல் கால்சட்டைக்கும் @500 என்ற ஒரே குறி வந்து நிற்கும்.

மூன்றாவது ஒப்பந்தம் அவதார் லாட் என்னும் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ளது. உடலின் அளவுருக்களையும் உடை அடுக்குகளின் வரிசையையும் அதுதான் வரையறுக்கிறது. அவதாரின் தோற்றத்தைப் பிறருக்குத் தெரிவிக்கும் செய்தி வலைப்பின்னலில் போகும்போது ஒவ்வோர் அளவுருவும் 0 முதல் 255 வரையிலான ஒரு பைட்டாகச் சுருங்குகிறது. அதன் அடையாள எண் கூடவே போவதில்லை, எண்களின் ஏறுவரிசையே முகவரியாகிறது. நடுவில் புதிதாக ஒன்றைச் செருகிவிட்டால், அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஓரிடம் நகர்ந்து, ஒருவருடைய மூக்கின் நீளம் அடுத்தவர் திரையில் காதுக்குப் போய்ச் சேரும்.

பிரிப்பதும் சேர்ப்பதும்

இவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு முதல் வேலை சோதனை எழுதுவது. பழைய அசெட் கோப்புகள் சிலவற்றை, வகைக்கு ஒன்றேனும் இருக்கும்படி, நிரல் களஞ்சியத்திலேயே வைத்துக்கொண்டு, அவற்றைப் படித்து மீண்டும் எழுதினால் அதே எழுத்துகள் வருகின்றனவா என்று ஒப்பிடும் சோதனை ஒன்று போதும். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பங்கை அதுவே பிடித்துவிடும்.

எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு, சர்வர் பேக்கிங்குக்காகச் செய்யப்பட்ட பிரிப்பே நல்ல முன்மாதிரி. அதற்கு முன் உடையைப் பற்றிய அறிவும், வியூவரின் திரை, இன்வென்டரி, வலைப்பின்னல் ஆகியவற்றைப் பற்றிய அறிவும் ஒரே வகுப்புகளில் கலந்திருந்தன. பேக்கிங் சேவைக்கும் அதே கணக்கு தேவைப்பட்டபோது, எல்எல் அப்பியரன்ஸ் என்னும் தனி நூலகத்துக்கு அடிப்படை வகுப்புகள் நகர்ந்தன. வியூவருக்கே உரிய வேலைகள் அவற்றிலிருந்து பிறந்த வியூவர் வேரபிள் போன்ற வழிவகுப்புகளில் தங்கின. அளவில் பெரிய கோப்பைப் பாதியாக வெட்டுவது அந்தப் பிரிப்பின் நோக்கம் அன்று. இதை வேறு யார் பயன்படுத்துவார்கள் என்ற கேள்விதான் கோட்டைப் போட்டது. நீங்கள் இதேபோல் பிரிக்கும்போது, ஒரு கமிட்டில், அதாவது களஞ்சியத்தில் பதியும் ஒரு மாற்றத்தில், நகர்த்தலை மட்டும் செய்யுங்கள், தர்க்கத்தை மாற்றுவதை அடுத்த கமிட்டுக்கு விடுங்கள். இரண்டையும் கலந்தால், ஆறு மாதம் கழித்துப் பிழை தேடுபவருக்கு அந்த வேறுபாட்டுப் பட்டியல் எந்த வகையிலும் உதவாது.

வகைக்கு வகை நிரலெங்கும் சிதறிக்கிடக்கும் நிபந்தனைகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும். உடல் பகுதியா துணியா, ஒன்றுக்கு மேல் அணியலாமா, எந்தச் சின்னம் காட்ட வேண்டும் என்பவற்றுக்கு ஏற்கெனவே ஓர் அகராதி வகுப்பு இருக்கிறது. புதிய நிபந்தனையை அங்கே ஒரு புலமாகச் சேர்த்தால், அடுத்த உடை வகை வரும்போது ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் ஜாக்கெட்டைக் கவனியுங்கள்: அது மேலுடல், கீழுடல் இரண்டின் பேக்கிங்கிலும் படிகிறது. ஓர் உடைக்கு ஒரு டெக்ஸ்சர் என்று எண்ணி எழுதும் எந்தப் பொதுமையாக்கமும் முதலில் ஜாக்கெட்டில்தான் கிழியும்.

மிகக் கடினமான பகுதி உடை மாற்றும்போது நடக்கும் காத்திருப்பு. பயனர் ஒரு உடைத்தொகுப்பைச் சொடுக்கியதும், லிங்க்குகள் உருவாகி, அவை சுட்டும் பொருட்கள் கிடைத்து, அவற்றின் அசெட்டுகள் இறங்கிய பிறகே உடையை மாற்ற முடியும். ஒவ்வொரு பதிலும், அது வந்தபின் அழைக்கப்படும் தனித்தனி கால்பேக்காக, எந்த வரிசையிலும் வரலாம். இதற்காக ஹோல்டிங் பேட்டர்ன் என்று பெயரிட்ட வகுப்பு ஒன்று இருக்கிறது. ஓடுபாதை கிடைக்கும்வரை விமானம் வானில் வட்டமடிப்பதற்கு விமானிகள் சொல்லும் பெயர் அது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் தொகுப்பு இறங்கி முடிவதற்குள் பயனர் இரண்டாவதைச் சொடுக்கினால், முந்தைய காத்திருப்பு தான் பழையதாகிவிட்டதை உணர்ந்து ஒதுங்க வேண்டும். கால்பேக் குவியலை, நடுவில் நின்று காத்திருந்து தொடரக்கூடிய கோரூட்டீன்களாக மாற்றும்போது, பார்வைக்கு நேர்கோடாகத் தெரியும் நிரலில் இந்தச் சரிபார்ப்பைத் தவறவிடுவது மிக எளிது. ஆகவே ஒவ்வொரு காத்திருப்புக்குப் பின்னும் நான் இன்னும் அண்மையவன்தானா என்ற கேள்வியை நிரல் கேட்கட்டும். காலவரம்பையும் எடுத்துவிடாதீர்கள். ஒரு அசெட் வரவே வராமல் போகலாம். அந்த நிலையில் உடல்வடிவம், தோல், முடி, கண் ஆகிய நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அவதார் உருவம் பெறாமல் மேகமாகவே நிற்கும் என்பதால், விடுபட்டதற்கு மாற்றாக இயல்புநிலைப் பொருள் ஒன்றை உருவாக்கும் வழியும் அங்கேயே இருக்கிறது.

சர்வருக்குப் பேக்கிங் கோரிக்கை அனுப்பும்போது உடைத்தொகுப்புக் கோப்புறையின் பதிப்பு எண்ணும் போகிறது. இரு தரப்பு எண்ணும் பொருந்தாவிட்டால் கோரிக்கை தோல்வியுறும். அதை உடனே திரும்பத் திரும்ப அனுப்பாமல், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயல்வதுதான் முறை.

பயன்படாத நிரலை நீக்கும் ஆசை இந்த இடத்தில் வலுக்கும். பேக்கிங் சர்வருக்குப் போய்விட்டதே, வியூவரில் டெக்ஸ்சர் அடுக்குகளைச் சேர்க்கும் நிரல் எதற்கு என்று தோன்றும். தோற்றத்தைத் திருத்தும் சாளரத்தில் சட்டைக் கையின் நீளத்தை நகர்த்தியவுடன் திரையில் மாற்றம் தெரிவது அந்த நிரலால்தான். திறந்த மூல சர்வர் மென்பொருளில் இயங்கும் ஓபன்சிம் உலகங்களையும் ஆதரிக்கும் வியூவர்களுக்கு அதன் தேவை இன்னும் பெரிது. நீக்கலாமா என்று முடிவெடுக்கும் முன், அழைப்பவர்களைத் தேடி மட்டும் பார்க்காமல், திருத்தச் சாளரத்தைத் திறந்தும் பாருங்கள்.

சரிபார்ப்பு

சோதனைக்கு அக்னி என்னும் முதன்மைக் கிரிட்டை (உலகத்தை இயக்கும் சர்வர்களின் தொகுதியை) விட்டு, அதிதி என்னும் சோதனைக் கிரிட்டைப் பயன்படுத்துங்கள். தன்னுடைய அவதாரைக் காட்டும் வகுப்பும் பிறர் அவதாரைக் காட்டும் வகுப்பும் வெவ்வேறு என்பதால், உங்கள் திரையில் சரியாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது. இரண்டு கணக்குகளை எடுத்து, ஒன்றில் திருத்திய வியூவரையும் மற்றொன்றில் திருத்தாத பழைய வியூவரையும் ஓட்டி, இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள். முதல் கணக்கில் மூன்று சட்டைகளை அடுக்காக அணிந்து, நடுச்சட்டையைக் கழற்றி, வெளியேறி, மீண்டும் உள்நுழையுங்கள். பிறகு இரண்டு உடைத்தொகுப்புகளை ஒரு நொடிக்குள் மாற்றி மாற்றிச் சொடுக்கி, எதிரே நிற்கும் பழைய வியூவரில் எந்த உடை வந்து நிலைக்கிறது என்று பாருங்கள்.