பல ஊர் ரயில் சுற்றுலாவா? ஒரே டிக்கெட் கேளுங்கள்

சென்னையில் ஏறி மதுரை, செங்கோட்டை, கொல்லம், எர்ணாகுளம், கோவை என்று சுற்றி மீண்டும் சென்னைக்கே வருவதாக இருந்தால், ஊருக்கு ஊர் தனி டிக்கெட் எடுக்காதீர்கள். ரயில்வேயில் 'சர்க்குலர் ஜர்னி டிக்கெட்' என்று ஒன்று உண்டு. 8 இடங்கள் வரை இறங்கித் தங்கலாம்.

தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதுதான் இதன் சூட்சுமம். துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் குறுந்தூரக் கட்டணத்திலிருந்து தொடங்குவீர்கள். இதிலோ மொத்த தூரத்தையும் இரண்டே நீண்ட ஒருவழிப் பயணங்களாகக் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன வழியில் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் வந்துவிடுகிறது. அதைப் பகலில் கடக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் இதை ஆன்லைனில் எடுக்க முடியாது. பயண வழியை எழுதிக்கொண்டு பெரிய ரயில் நிலையத்துக்கோ கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்கோ போக வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். முன்பதிவு, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணங்கள் தனி. பெர்த்தையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். புறப்பட்ட ஊருக்கே திரும்பாதவர்களுக்கும், வந்தே பாரத் போன்ற தனிக் கட்டண ரயில்களில் போக நினைப்பவர்களுக்கும் இது உதவாது. நாளைக்கே கிளம்புபவர்கள் வழக்கம்போல் தனித்தனியாக எடுப்பதே மேல்.